பதினாறாவது வாரத்து ஊசி: நாய்க்குட்டிகளைப் பார்வோவிலிருந்து காப்பது

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் நாய்க்குட்டியைப் பெரும்பாலும் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. மோட்டார் கொட்டகையிலோ வைக்கோல் போருக்கு அடியிலோ ஒரு பெட்டை குட்டி போடும். கண் திறந்து தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும், முப்பது நாள் ஆனதோ இல்லையோ, பையன்கள் ஆளுக்கு ஒன்றாகத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் பால் சோறு கிடைக்கும். மணி என்றோ ஜிம்மி என்றோ பெயரும் கிடைக்கும். இரண்டு மாதம் ஆகும்போது ஒரு நாள் காலை சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுக்கும். மத்தியானம் நுரை நுரையாக வாந்தி. மறுநாள் ரத்தமாகப் பேதி, வாசல் வரை நாற்றம். அதற்கடுத்த நாள் குழி தோண்ட வேண்டியிருக்கும். "எவனோ மருந்து வெச்சுட்டான்" என்பார் ஒருவர். "கண்ணு பட்டுடுச்சு" என்பார் பாட்டி. அதே வாரம் அடுத்த தெருவில், கூடப் பிறந்த குட்டியும் அதே மாதிரி போயிருக்கும்.

மருந்தும் இல்லை, கண்ணும் இல்லை. பெரும்பாலும் அது பார்வோ என்ற வைரஸ் நோய். ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டிகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. சிகிச்சையே இல்லாமல் விட்டால் பிடித்தவற்றில் பெரும்பாலானவை சாகும். நேரத்தோடு நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்துக்கு எட்டு, ஒன்பது பிழைக்கும். தடுப்பூசி ஒழுங்காக முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்தின் பிற்பாதி உங்களுக்குத் தேவையே படாது.

இதில் பல விஷயம் வரும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: முதல் ஊசியைவிடக் கடைசி ஊசி முக்கியம். குட்டிக்கு 16 வாரம் நிறைந்த பிறகு ஓர் ஊசி விழுந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இல்லாத நோய்

"அந்தக் காலத்துல எந்த நாய்க்குப்பா ஊசி போட்டோம், நல்லாத்தானே இருந்துச்சு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர்கள் சிறுவர்களாக இருந்தபோது இந்த நோயே கிடையாது. 1978இல்தான் பார்வோ உலகத்துக்குத் தெரியவந்தது. பூனைகளுக்கு வரும் ஒரு பழைய வைரஸுக்கு நெருங்கிய உறவு இது. எழுபதுகளின் நடுவிலேயே ஐரோப்பிய நாய்களிடம் இது நுழைந்துவிட்டது என்பதை, சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பின்னால் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். எந்த நாயின் உடம்பிலும் எதிர்ப்பு இல்லாத நேரம் அது. இரண்டே ஆண்டில் உலகம் முழுக்கச் சுற்றிவந்தது. குட்டிகளோடு வளர்ந்த நாய்களும் செத்தன. இந்தியாவில் இதை முதலில் பதிவுசெய்தது ராமதாஸ், காதர் என்ற இருவர் 1982இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. அந்த வேலை நடந்தது நம்முடைய சென்னையில்.

அதன்பின் வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாக மாறி 2ஏ, 2பி, 2சி என்று மூன்று வடிவம் எடுத்திருக்கிறது. இன்று கடையில் கிடைக்கும் ஊசி மூன்றுக்கும் காப்பு தருகிறது. "வைரஸ் மாறிடுச்சு, ஊசி கேக்காது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஊசி கேட்காமல் போனதற்கு வேறு காரணம் இருக்கும். அதைத்தான் கீழே விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

நோய் நாயின் மலத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் வெளியேறுகிறது. குட்டி சோர்ந்து படுப்பதற்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிடும். பிழைத்து எழுந்த பிறகும் இரண்டு வாரம் போல வெளியேறும். அந்த மலத்தை நாய் நேரடியாக முகரவேண்டும் என்பதுகூட இல்லை. செருப்பு, சைக்கிள் டயர், ஆட்டின் குளம்பு, ஈயின் கால், குட்டியைக் கொஞ்சிவிட்டு வந்த கை எல்லாம் வண்டிதான். வாசலைத் தாண்டாத வீட்டு நாய்க்கும் பார்வோ வருவது இப்படித்தான். உள்ளே போன மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பொதுவாக அறிகுறி தெரியும்.

வேகமாகப் பெருகும் உயிரணு எங்கே இருக்கிறதோ அங்கே இந்த வைரஸ் போய் உட்காரும். குட்டியின் குடல் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்ட இடங்கள். குடலின் உட்சுவர் உரிந்து போவதால் ரத்தமும் தண்ணீரும் வெளியே போகின்றன. குடலில் இருக்கும் கிருமிகள் ரத்தத்துக்குள் போகின்றன. எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளையணுக்களையும் மஜ்ஜையில் ஏற்கெனவே அழித்தாகிவிட்டது. குட்டி சாவது தண்ணீர் வற்றியும் ரத்தத்தில் விஷமேறியும்தான். பிறந்து சில வாரமே ஆன குட்டிகளில் சில சமயம் இதயத் தசையையே தாக்கும். பேதி எதுவும் இல்லாமல் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டி திடீரென்று விழுந்து போகும். தாய்க்கு ஊசி போட்டிருந்தால் இது அநேகமாக வராது.

மனிதர்களுக்கு இந்த நோய் ஒட்டாது. வீட்டில் குழந்தை இருக்கிறது என்று நோயுற்ற குட்டியைத் தெருவில் விடவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பேதியில் புழு முட்டையும் வேறு கிருமிகளும் இருக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஊசிக் கணக்கு

நாய் குட்டி போட்ட முதல் நாளில் சுரக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குப் போகிறது. அந்தக் காப்பு குட்டிக்குக் குட்டி வேறு அளவு. ஒரே ஈற்றில் பிறந்தவற்றிலேயே நன்றாகப் பால் குடித்த முரட்டுக் குட்டிக்கு அதிகம், ஓரத்தில் தள்ளப்பட்ட நோஞ்சானுக்குக் குறைவு. சிலவற்றுக்கு ஆறாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும். சிலவற்றுக்குப் பதினாறாவது வாரம் வரைகூட எச்சம் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், தாய் கொடுத்த அந்த எச்சம் ஊசி மருந்தையும் எதிரி என்று நினைத்து அடித்துவிடும். ஊசி போட்டும் பலன் இராது. அதே நேரம், நிஜமான நோயைத் தடுக்க அந்த எச்சம் போதாது. ஊசியும் பிடிக்காத, தாயின் காப்பும் போதாத சில வாரங்கள் ஒவ்வொரு குட்டிக்கும் உண்டு. எந்த வாரங்கள் என்பது வெளியே தெரியாது. அதனால்தான் மூன்று, நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒன்று தவறினால் அடுத்தது பிடிக்கட்டும் என்பதே இதில் உள்ள கணக்கு. நோய் எதிர்ப்பை 'ஏற்றுவதற்கு' இரண்டு மூன்று ஊசி என்று பலர் நினைக்கிறார்கள். பார்வோவைப் பொறுத்தவரை, சரியான நேரத்தில் விழுந்த ஓர் ஊசியே வேலையைச் செய்துவிடும். அந்த ஓர் ஊசி எது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். 16 வாரம் தாண்டினால் அநேகமாக எல்லாக் குட்டிக்கும் தாயின் எச்சம் போயிருக்கும். அப்போது போடுவது பிடித்துக்கொள்ளும்.

நாள் கணக்காகப் பார்த்துவிடுவோம். குட்டி பொங்கல் அன்று, ஜனவரி 15ஆம் தேதி பிறந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஊசி ஆறு வாரத்தில், பிப்ரவரி 26. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் மாசி மகத்தை ஒட்டி வரும், மறக்காது. இரண்டாவது ஒன்பது வாரத்தில், மார்ச் 19. மூன்றாவது பன்னிரண்டு வாரத்தில், ஏப்ரல் 9. நம் ஊரில் பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், பலர் இரண்டாவதோடு. நான்காவது 16 வாரம் நிறையும்போது, மே 7, சித்திரை முடிவதற்குள். இதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு ஆறு மாதத்தில், அதாவது ஜூலை நடுவில், ஆடி பிறக்கும்போது ஒன்று. பழைய வழக்கப்படி ஒரு வயதில் போடுவார்கள். ஒருவேளை நான்கும் பிடிக்காமல் போயிருந்தால் ஒரு வருடம் வரை குட்டி காப்பில்லாமல் இருக்கும் என்பதால், ஆறு மாதத்திலேயே போட்டுவிடுவது மேல் என்று உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம் இப்போது சொல்கிறது. அதன்பின் பார்வோ ஊசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பது அந்தச் சங்கத்தின் கருத்து. நம் ஊர் மருத்துவர்கள் பலர் ஆண்டுக்கொன்று போடுகிறார்கள். வெறிநோய் ஊசியும் எலிக்காய்ச்சல் ஊசியும் ஆண்டுதோறும் வேண்டியிருப்பதால் அதோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை.

கையில் காசு குறைவு, நான்கு போட முடியாது என்றால்? நிறையப் பேருக்கு இதுதான் நிலைமை. அப்படியானால் முதலில் இருப்பதைக் குறையுங்கள், கடைசியில் இருப்பதைக் குறைக்காதீர்கள். ஆறாவது வாரத்தில் ஒன்று போட்டுவிட்டு "அதான் ஊசி போட்டாச்சே" என்று இருப்பதைவிட, பத்தாவது வாரத்தில் ஒன்றும் பதினாறாவதில் ஒன்றும் போடுவது நல்லது. அதுவரை குட்டியைக் கண்ட இடத்தில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஊசி போட்டாச்சு" என்ற இந்தப் பேச்சிலேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது. ஊரில் முகாம் வைத்து இலவசமாகப் போடுவது வெறிநோய்க்கான ஊசி. அது கட்டாயம் வேண்டும், மூன்று மாதம் ஆனதும் போடுங்கள். ஆனால் அதற்கும் பார்வோவுக்கும் சம்பந்தமில்லை. பார்வோவுக்கான கூட்டு ஊசியைப் பெரும்பாலும் வெளியே வாங்கித்தான் போட வேண்டியிருக்கும். கடைக்காரர் 'செவன் இன் ஒன்', 'நைன் இன் ஒன்' என்பார். பெட்டியில் 'டிஹெச்பிபிஐ' என்று இருந்தால் அதில் மூன்றாவது எழுத்தான பி, பார்வோ. ஆறாவது வாரத்துக்கென்றே 'பப்பி டிபி' என்று, டிஸ்டெம்பர் என்ற இன்னொரு நோய்க்கும் பார்வோவுக்கும் மட்டுமான ஊசியும் உண்டு.

வாங்கிக்கொண்டு போகும் வழியில்தான் ஊசி அதிகம் கெடுகிறது. இந்த மருந்தில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட உயிருள்ள வைரஸ். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். விருத்தாசலத்தில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, வெயிலில் பஸ் ஏறி ஊருக்கு வந்து, மறுநாள் டாக்டர் வரும்வரை அலமாரியில் வைத்திருந்தால் குட்டிக்கு ஏறுவது வெறும் தண்ணீர். குளிர்ப்பெட்டி வைத்திருக்கும் டாக்டரிடமே போய்ப் போட்டுக்கொள்வது உத்தமம். வாங்கித்தான் வரவேண்டும் என்றால் ஐஸ் கட்டி போட்ட ஃபிளாஸ்கில் வையுங்கள். கடையில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். மருந்து இரண்டு குப்பியாக வரும். ஒன்றில் வில்லை போல உலர்ந்த மருந்து, மற்றதில் திரவம். இரண்டையும் உங்கள் கண்முன் கலந்து உடனே போட வேண்டும். கலந்து வைத்திருந்ததைப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள். குப்பியில் உள்ள ஸ்டிக்கரை உரித்துக் குட்டியின் அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஒரு குப்பியை இரண்டு குட்டிக்குப் பாதிப் பாதியாகப் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. "குட்டி சின்னதுதானே" என்பார்கள். தடுப்பூசிக்கு எடைக் கணக்கு கிடையாது. சிப்பிப்பாறைக்கும் பொமரேனியனுக்கும் ஒரு குப்பி ஒரு குப்பிதான். பாதி போட்டால் இரண்டுக்கும் இல்லை என்று ஆகிவிடலாம்.

ஊசிக்கு முன்பே புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, எடைக்கு ஏற்ற அளவில் டாக்டர் சொல்வதைக் கொடுங்கள். குடலில் கொக்கிப்புழு நிறைந்த குட்டிக்குப் பார்வோ வந்தால் தாங்காது. காய்ச்சலோ பேதியோ இருக்கும்போது ஊசி வேண்டாம். போட்ட ஊசி வேலை செய்ய ஒரு வாரம் போல ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஊசி போட்ட மறுநாள் பேதி வந்தால் "ஊசியாலதான் வந்துச்சு" என்று டாக்டரோடு சண்டைக்குப் போவார்கள். நோய் அதற்கு முன்பே உள்ளே போயிருக்கும்.

தாய் நாயை மறந்துவிடக்கூடாது. உங்கள் பெட்டை இணைசேரும் காலத்துக்கு முன் அதற்கு ஊசி போட்டிருந்தால் சீம்பால் கனமாக இருக்கும். சினையாக இருக்கும்போது போடக்கூடாது. குட்டியை எட்டு வாரம் தாயிடம் விடுங்கள். முப்பதாம் நாளில் பிரித்துக்கொண்டு வருவதுதான் நம் பக்கத்தில் நான் பார்க்கும் பெரிய கெட்ட பழக்கம்.

மண்ணும் தட்டும்

பார்வோ மெல்லிய கொழுப்புறை இல்லாத வைரஸ். கொழுப்புறை உள்ள கிருமிகளைச் சோப்பும் சானிட்டைசரும் உடைத்துவிடும். இதனிடம் அந்த வித்தை பலிக்காது. டெட்டால், பினாயில், ஸ்பிரிட் எதை ஊற்றிக் கழுவினாலும் வாசம் மாறும், வைரஸ் இருக்கும். பினாயில் நாயின் உடம்புக்கும் ஆகாது. மாட்டுச்சாணம் மெழுகுவதும் இதற்கு உதவாது.

கேட்பது குளோரின். ஐந்து சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் கிடைத்தால் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர். ஊராட்சியில் குடிநீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர்தான் நமக்கு எளிதாகக் கிடைக்கும். புதிய பவுடர் என்றால் பத்து லிட்டர் வாளிக்கு சுமார் 70 கிராம் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பொட்டலம் பிரித்து நாளாகி வாசம் போன பவுடரில் சத்து இருக்காது. அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு போய்விடும். முதலில் மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதன்பின் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடமாவது ஈரம் காயாமல் விடவேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் புகை உங்களையே கீழே தள்ளிவிடும்.

இதெல்லாம் சிமெண்ட் தரைக்கும் டைல்ஸுக்கும் சரி. மண்ணுக்கு? பீங்கான் வேலை தெரிந்த விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கிளேஸ் போட்டுச் சுட்ட பீங்கானில் எண்ணெய் சிந்தினால் துணியால் துடைத்துவிடலாம். கிளேஸ் இல்லாத அகல் விளக்கில் ஊற்றிய எண்ணெய் ஊறி அடியில் கசிந்து நிற்கும். மண் தரையும் மண்சட்டியும் அந்த அகல் மாதிரி. ஊறிப்போன பேதியை எந்தத் தண்ணீராலும் முழுக்க எடுக்க முடியாது. நாய்க்குச் சோறு வைக்க ஓரம் உடைந்த மண்சட்டி அல்லது கொட்டாங்கச்சி வைப்பதுதான் நம் வழக்கம். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கிண்ணமும் அதே கதி. ஒரு எவர்சில்வர் தட்டோ, கிளேஸ் பெயராத பீங்கான் கிண்ணமோ வையுங்கள். பீங்கானுக்குப் பேர்போன ஊரில் இதற்குப் பஞ்சம் இல்லை. நோய் வந்த வீட்டில் சட்டியை உடைத்துப் புதைத்துவிடுங்கள். சாக்குப் படுக்கையை எரித்துவிடுங்கள்.

மண் தரையைப் பொறுத்தவரை நம்பக்கூடியவை வெயிலும் காலமும்தான். நிழலான இடத்தில் ஏழு மாதம், நல்ல வெயில் படும் இடத்தில் ஐந்து மாதம் வரை வைரஸ் இருக்கும் என்று கணக்கில் வைக்கச் சொல்கிறார்கள் வெளிநாட்டுக் காப்பகங்களை நடத்தும் மருத்துவர்கள். நம் கத்திரி வெயில் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கலாம். ஆனால் நாய் படுப்பது வெயிலிலா? வேப்பமரத்தடியிலும் தொட்டிக்குப் பின்னால் ஈரத்திலும்தான். ஆகவே, பார்வோவில் ஒரு குட்டி செத்த வீட்டில் அடுத்த குட்டியை உடனே கொண்டுவரக் கூடாது. பிள்ளைகள் அழுகிறார்கள் என்று மறுவாரமே இன்னொன்றைக் கொண்டுவந்து, அதையும் பறிகொடுத்த வீடுகள் ஏராளம். அத்தனை மாதம் பொறுக்க முடியாது என்றால், 16 வாரம் தாண்டி ஊசி முடிந்து, ஒரு வாரமும் கழிந்த நாயாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

ஊசி முடியாத குட்டியை வெளியே எடுத்துப் போவதானால் கையிலோ கூடையிலோ போகட்டும், தரையில் விடாதீர்கள். மருத்துவமனை வாசலில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே முன்னால் நின்றது பேதி நாயாக இருந்திருக்கலாம். அதற்காக நான்கு மாதம் குட்டியை அறைக்குள் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. ஆளைப் பார்க்காமல் வளர்ந்த நாய் பின்னால் எல்லோரையும் கடிக்கும். மாடியிலோ, ஊசி போட்ட நாய் மட்டும் இருக்கும் உறவினர் வீட்டிலோ விளையாட விடலாம்.

வந்துவிட்டால்

ஊசி முடியாத குட்டி ஒரு வேளை சோற்றைத் தொடாமல் படுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ரத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தம் வரும்போது ஒன்றரை நாள் போயிருக்கும். வாந்தியும் சோர்வும் முதலில், பேதி பிறகு. எல்லாப் பேதியும் பார்வோ இல்லை என்பதும் உண்மை. புழு, எலிமருந்து, குடல் செருகல், டிஸ்டெம்பர் எல்லாவற்றிலும் பேதி உண்டு. மலத்தைத் தொட்டுச் சில நிமிடத்தில் பார்க்கும் பரிசோதனைப் பட்டை இப்போது பல மருத்துவர்களிடம் இருக்கிறது. அதில் 'இல்லை' என்று வந்தாலும் ஆரம்ப நாளில் முழுக்க நம்ப முடியாது.

வீட்டு வைத்தியம் என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்கும் குட்டிக்கு மஞ்சள் தண்ணீர், வேப்பிலைச் சாறு, பச்சை முட்டை, சாராயம் என்று பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் அதுவே கொல்லும். பால் வேண்டாம். மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, பேதியை அடைக்கும் மாத்திரை மூன்றும் கூடவே கூடாது. குட்டியைத் துணியில் சுற்றிச் சூடாக வையுங்கள். துவண்டு போயிருந்தால் போகும் வழியில் ஈறில் துளி சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவலாம். அவ்வளவுதான் வீட்டில் செய்யக்கூடியது.

வைரஸைக் கொல்ல நம் கையில் மருந்து இல்லை. சிகிச்சை என்பது குட்டியின் உடம்பு தானே எழுந்து நிற்கும்வரை தாங்கிப் பிடிப்பது: நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட், வாந்தி நிற்க ஊசி, கிருமி ரத்தத்தில் ஏறாமலிருக்க ஆன்டிபயாட்டிக், வாந்தி அடங்கியதும் சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமாக உணவு. பேதி நிற்கும்வரை பட்டினி போடும் பழைய முறை தவறு என்று தெரிந்து வருடங்கள் ஆகின்றன. கேட்க வேண்டிய கேள்வி: "நாளைக்கும் டிரிப்ஸ் உண்டா டாக்டர்?" ஒரு நாள் ஊசி போட்டுவிட்டு வந்தால் போதாது. மூன்று முதல் ஐந்து நாள் தொடர வேண்டியிருக்கும்.

மருத்துவமனையில் தங்கவைக்க வசதி நம் பக்கம் குறைவு. அதற்காகக் கையை விரிக்க வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தங்கவைத்து நரம்பில் திரவம் ஏற்றிய குட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்தன. தோலுக்கு அடியில் திரவம், வாந்திக்கு ஓர் ஊசி, ஆன்டிபயாட்டிக் ஓர் ஊசி, கூடவே நாள் முழுக்கக் கவனிப்பு என்று தங்காத நோயாளியாக வைத்தியம் பார்த்தவற்றில் எண்பது பிழைத்தன. தினம் போய் வரும் வைத்தியத்தையும் முறையாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். உங்கள் டாக்டரிடம் இப்படிச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். போக வண்டி இல்லாவிட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் அது ஓடுகிறது. இருந்தாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

பிழைத்த குட்டிக்குப் பல வருடத்துக்கு இந்த நோய் திரும்ப வராது. இரண்டு வாரம் தனியே கட்டிவைத்து, குளிப்பாட்டி, பிறகு மற்ற நாய்களோடு விடுங்கள். கூடப் பிறந்தவை நன்றாக இருந்தால் அவற்றுக்கு அன்றைக்கே ஊசி போட டாக்டரைக் கேளுங்கள். நோய்க் குட்டியைப் பார்த்துக்கொள்பவர் மற்றக் குட்டிகளுக்குச் சோறு வைக்கக்கூடாது. முடியாவிட்டால் நல்லவற்றை முதலில் கவனித்துவிட்டு நோய்க் குட்டியிடம் கடைசியில் போக வேண்டும். செருப்பைத் தனியாக வைக்க வேண்டும்.

செத்த குட்டியைச் சாக்கில் கட்டி வெள்ளாற்றங்கரையிலோ குப்பை மேட்டிலோ எறிவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மற்ற நாய்கள் இழுத்துப் பிய்த்து ஊர் முழுக்கப் பரப்புவதற்கு இதைவிட வசதி வேண்டாம். நாய்கள் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டி, கிணற்றுக்கும் குட்டைக்கும் தள்ளிப் புதையுங்கள்.

கடைசியாகத் தெருக் குட்டிகள். மழைக்காலத்தை ஒட்டி இணைசேரும் தெரு நாய்கள் தை, மாசியில் ஈனுகின்றன. டீக்கடைப் பலகைக்கு அடியிலும் பீங்கான் சூளைச் சுவரோரமும் ஆறேழு குட்டிகள் ஒரே நேரத்தில் புரளும். அவற்றில் ஒன்றுக்கு வந்தால் அந்தத் தெரு மண் முழுவதும் மாதக்கணக்கில் நஞ்சு. உங்கள் வீட்டுக் குட்டி அந்த மண்ணில்தான் நடக்கப்போகிறது. எல்லாக் குட்டிக்கும் எல்லா ஊசியும் போட ஒருவரால் ஆகாது. டீக்கடைக்காரரும் எதிர்வீட்டு அண்ணனும் நீங்களும் சேர்ந்தால் ஈற்றுக்கு ஒருமுறையாவது, 16 வாரம் ஆகும்போது பிழைத்திருப்பவற்றுக்கு ஆளுக்கொரு குப்பி போட முடியும். பெட்டைக்குக் கருத்தடை செய்ய ஊராட்சியிடம் மனுக் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அந்தப் பொறுப்பை உள்ளாட்சியிடம்தான் கொடுத்திருக்கின்றன. அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. உங்கள் குட்டி பிறந்த தேதியை நாள்காட்டியில் குறித்து, அதிலிருந்து 112 நாள் எண்ணி, அந்தத் தேதியைச் சிவப்பு மையால் சுழித்து வையுங்கள்.